வெள்ளிக்கிழமைகளில் அடங்கிய சூரியன்

ஆய்வுக்கூடம் எனக்குத் தரவேண்டியது ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். முப்பத்து மூன்று வாரம், வாரத்துக்கு ஏழு பெட்டி, பெட்டிக்கு ஆறு வெள்ளி. யார் போட்டாலும் இதே கணக்குதான் வரும். பணம்தான் வரவில்லை. அங்கே வேலை செய்கிற சுஷ்மிதா எனக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத் தாளில் ஒரு வரி இருந்தது: ‘ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவீடு ஒன்றுக்கு ஆறு வெள்ளி, மதிப்பீடு முடிந்த பிறகு.’ கையெழுத்துப் போட்ட அன்று அந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தேன். முழுதாகப் படித்துவிட்ட சந்தோஷத்தில் அர்த்தத்தைக் கவனிக்கவில்லை. நாற்பத்தாறு வயதில் எழுத்துப் படித்தவனுக்கு இப்படித்தான் ஆகும்.

என் பெயர் முகைதீன். சாங்கி விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் ஏற்றி இறக்குகிற வேலை. வீடு புக்கிட் பாஞ்சாங்கில். தீவின் ஒரு முனையில் ரயில் ஏறி மறு முனையில் இறங்கி, பிறகு பஸ். லிட்டில் இந்தியா தாண்டும்போது உட்கார இடம் கிடைத்தால் அன்று நல்ல நாள். அந்த நேரத்தில்தான் என் நோட்டில் எழுதுவேன். எழுத்து மறந்துவிடக் கூடாதென்று தினமும் இரண்டு வரி.

சுஷ்மிதா டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, சூரியனைப் பார்க்கிற டாக்டர். முதல் நாள் கொட்டகைக்கு வந்து எனக்கு விளக்கினாள்.

“அங்கிள், சூரியன் அப்பப்ப கதிரைத் துப்பும். செயற்கைக்கோள்ல இருக்கற எலெக்ட்ரானிக்ஸ் கெட்டுப்போகும். உயரத்துல பறக்கற விமானத்துல இருக்கறவங்க உடம்புலயும் ஏறும். எப்ப ஏறும், எவ்வளவு ஏறும்னு முன்கூட்டியே சொல்றதுக்கு மூணு மாடல் இருக்கு.”

“மாடல்னா?”

“கம்ப்யூட்டர் போடற கணக்கு. மூணும் மூணு விதமாச் சொல்லும். எது சரியாச் சொல்லுதுன்னு கண்டுபிடிக்கறதுதான் நம்ம வேலை லா.”

நம்ம வேலை என்றாள், எங்கள் ஊர் ‘லா’வும் சேர்த்து. அது எனக்குப் பிடித்திருந்தது.

“அது சரியாச் சொல்லுச்சான்னு எப்படித் தெரியும்?”

“உங்க பெட்டி சொல்லும். பரீட்சை எழுதறது மாடல். விடை உங்க பெட்டியில இருக்கு.”

பெட்டி என்றால் காலணிப் பெட்டி அளவில் ஓர் அலுமினியப் பெட்டி. உள்ளே சட்டைப் பொத்தான் போலச் சின்னச் சின்னச் சில்லுகள். கதிர் பட்டால் அவை வாங்கி வைத்துக்கொள்ளும். விமானம் அமெரிக்கா போய், வடதுருவத்தை ஒட்டிப் பறந்து, மூன்றாம் நாள் திரும்பியதும் ஆய்வுக்கூடத்தில் சில்லுகளைச் சூடாக்கி, மொத்தம் எவ்வளவு வாங்கியிருக்கின்றன என்று பார்ப்பார்கள். எங்கே வாங்கியது, எப்போது வாங்கியது என்று அவற்றுக்குச் சொல்லத் தெரியாது. மொத்தம்தான். மொத்தம் ஐந்து பெட்டி. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று ஆய்வுக்கூட அலமாரியிலேயே இருந்தது. மற்ற நான்கும் மாறி மாறிப் பறந்தன. செயற்கைக்கோள் பக்கத்துக்கு வேறு ஆட்கள். விமானப் பக்கத்துக்கு நான்.

தினமும் பன்னிரண்டரைக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் எக்ஸ்ரே மெஷினில் வைப்பேன். மெஷினுக்குப் பொறுப்பு வைதேகி. இருபது வருஷமாக அதே நாற்காலி. அவள் கண்ணில் படாமல் ஒரு கொசு விமானத்துக்குப் போகாது என்று பேர். என் பெட்டியில் வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆய்வுக்கூடத்துக் கணக்குப் பிரிவு ஒட்டிய சொத்து எண்.

“சொத்து எண் போட்டிருக்கு பாய். விலையான சாமான். நிமிர்த்தி ஒரு தடவை, படுக்க வச்சு ஒரு தடவை.”

“ஒரு தடவை பார்த்தாப் பத்தாதா?”

“உங்க வீட்டு நகைன்னா ஒரு தடவை பார்த்துட்டு விடுவீங்களா?”

எங்கள் வீட்டில் நகையே மிச்சமில்லை என்று அவளுக்குத் தெரியாது. நான் பேசாமல் பெட்டியைப் படுக்க வைப்பேன்.

வெள்ளிக்கிழமை மட்டும் வேறு. அன்று ஜும்ஆவுக்குப் போகிற வேன் பன்னிரண்டு நாற்பதுக்குக் கிளம்பிவிடும். மெஷினில் வரிசையோ வாசல் வரை நிற்கும். வைதேகி கோயில் குளம் என்று இருக்கிறவள். அடுத்தவர் தொழுகை தவறுவதை அவளால் தாங்க முடியாது.

“பாய், வேன் போயிடும். பெட்டியைத் திறங்க. கையால பார்த்துடறேன். அதுவும் ரூல்லதான் இருக்கு.”

ஒரு துண்டுத் துணியால் உள்ளும் புறமும் துடைத்து, அதை வெடிமருந்து இருக்கிறதா என்று பார்க்கிற சின்ன மெஷினில் வைத்துப் பார்த்து, சீல் போட்டு அனுப்பிவிடுவாள். நான் ஓடிப்போய் வேன் ஏறுவேன். அப்படி ஓடிய அன்று என் நோட்டில் எழுதும் வரி எப்போதும் ஒன்றுதான்: ‘வெள்ளி. ஜும்ஆ. கையால் துடைத்து விட்டார்கள்.’ ஆய்வுக்கூடம் கொடுத்த படிவத்தில் பதினோரு கட்டம் உண்டு. காற்றின் ஈரப்பதத்துக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. இதற்கு ஒரு கட்டம் இல்லை. அதனால் இது என் நோட்டிலேயே இருந்தது.

அந்த ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறுக்கு எங்கள் வீட்டில் ஒரு வேலை ஒதுக்கியாகிவிட்டது. என் மனைவி நஃபீசாவுக்குப் பல் செட்டு. மானியம் போக ஆயிரத்து முந்நூற்று ஐம்பது என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். எட்டு மாதமாகக் கஞ்சியும் ஊறவைத்த ரொட்டியும்தான் அவளுக்கு. பெருநாள் பிரியாணியை மென்று தின்ன வேண்டும், அது ஒன்றுதான் ஆசை.

“உங்க சூரியன் காசு எப்ப வரும்?” என்பாள் தினமும்.

“மதிப்பீடு முடியணும்.”

“நீங்க பெட்டி தூக்கறதுக்கு எதுக்கு மதிப்பீடு? தூக்குனா தூக்குனதுதானே?”

மதிப்பீடு ஒரு வழியாக முடிந்தது. சுஷ்மிதா போன் பண்ணி, லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னாள். நான் போனபோது எனக்கும் சேர்த்து, நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை.

“அங்கிள், பெரிய விஷயம்! நம்ம டேட்டாவுல புதுசா ஒண்ணு கிடைச்சிருக்கு. ஏழு நாளைக்கு ஒரு தடவை கதிர் குறையுது. கரெக்டா, கடிகாரம் மாதிரி.”

“ஏழு நாளைக்கா?”

“ஆமா. மூணு மாடல்ல ரெண்டாவது மாடல் மட்டும்தான் அதைப் பிடிச்சிருக்கு. பேராசிரியர் ரஞ்சனோட மாடல். அவர் ராத்திரி தூங்கலையாம். புதன்கிழமை கூட்டத்துல அதுக்குத்தான் முதல் இடம். அன்னிக்கே உங்க அளவீடு எல்லாத்தையும் ஏத்துக்குவாங்க. காசும் வந்துடும். நீங்களும் வரணும், சரியா?”

கைபேசியில் படத்தைக் காட்டினாள். மலை மலையாக ஒரு கோடு. ஆறு நாள் மேலே, ஒரு நாள் பள்ளம். ஆறு நாள் மேலே, ஒரு நாள் பள்ளம். கீழே பொடி எழுத்தில் தேதிகள். எண்கள் எனக்கு எழுத்தைவிடப் பழக்கம். முதல் பள்ளத்தின் தேதியைப் பார்த்தேன். அடுத்ததைப் பார்த்தேன். பையிலிருந்து நோட்டை எடுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இருந்தும் எடுத்துப் பார்த்தேன்.

‘வெள்ளி. ஜும்ஆ. கையால் துடைத்து விட்டார்கள்.’

“என்ன அங்கிள் எழுதி வச்சிருக்கீங்க?”

“ஒண்ணுமில்லமா. சும்மா. தே ஆறுது, குடிங்க.”

வழியெல்லாம் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அன்று அது நல்ல நாளாகத் தெரியவில்லை.

வீட்டில் நஃபீசாவிடம் சொன்னேன். அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“அப்ப சூரியனும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவுதாக்கும்?”

“நக்கல் பண்ணாதே. எக்ஸ்ரேயும் கதிர்தான்னு எனக்கே தெரியுது. மத்த நாள் எல்லாம் வைதேகி ரெண்டு ரெண்டு தடவை காட்டறா. அதையெல்லாம் அந்தச் சில்லு வாங்கி வச்சிருக்கு. வெள்ளிக்கிழமை மட்டும் காட்டலை. அதான் குறையுது.”

“இது இவ்வளவு படிச்சவங்களுக்குத் தெரியாதா?”

“அவங்க யாரும் கொட்டகைக்குள்ள வந்ததில்லையே. சுஷ்மிதா ஒரு நாள் வந்துச்சு, அதுவும் ஆபீஸ் வரைக்கும்.”

அவள் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளினாள். பிறகு விரல் விட்டு எண்ணுகிற மாதிரி சொன்னாள்: “சொல்லாம இருந்தா பல்லு. சொன்னா கஞ்சி. அதானே?”

“அதான்.”

“அந்த மாடலை வச்சு என்ன பண்ணுவாங்க?”

“விமானக் கம்பெனிக்குக் கொடுப்பாங்க. வெள்ளிக்கிழமை துருவத்துப் பக்கமாப் போனா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவாங்க. புள்ளத்தாச்சியா இருக்கற விமானப் பொண்ணுங்களுக்கு அன்னிக்கே டூட்டி போடலாம்னு சுஷ்மிதா சொல்லுச்சு, நல்ல காரியம் செய்யற மாதிரி.”

நஃபீசா கிண்ணத்தை மறுபடியும் எடுத்தாள்.

“அல்லாஹ்வே. நீங்க தொழப்போனதுக்கு எவளோ ஒருத்தி வயித்துப் புள்ளை கணக்குக் கொடுக்கணுமா? போய்ச் சொல்லித் தொலைங்க.” ஒரு வாய் குடித்துவிட்டு, “மத்த புருஷன்மாரெல்லாம் காசு வாங்கிட்டு வாய மூடிக்கறாங்க. எனக்கு வாய்ச்சவருக்கு மட்டும் நோட்டு, பேனா” என்றாள்.

புதன்கிழமை கூட்டம். குளிரில் விறைக்கிற அறை. பதினைந்து பேர் இருந்தார்கள். என்னைப் பின் வரிசையில் உட்கார வைத்து, ஒரு கேக் துண்டும் கொடுத்தார்கள். பேராசிரியர் ரஞ்சன் திரையில் மலையும் பள்ளமும் காட்டி ஒரு மணி நேரம் பேசினார். இரண்டு வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பள்ளம் இல்லை. அதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. அந்த இரண்டு நாளும் சூரியனில் சிறு கொந்தளிப்பாம். தன்னுடைய மாடல் அதையும் சுட்டிக்காட்டியது என்றார். கை தட்டினார்கள். நானும் தட்டினேன், பழக்கத்தில். பிறகு கையைத் தூக்கினேன்.

எல்லோரும் திரும்பினார்கள். கேக் இன்னொன்று கேட்கிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ.

“ஐயா, அது சூரியன் இல்லீங்க. எக்ஸ்ரே மெஷின்.”

சுஷ்மிதா மொழிபெயர்த்தாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. பேராசிரியர் சிரித்தார். நல்ல மனிதர்தான். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிற தமிழில் எனக்கு விளக்கினார்.

“ஐயா, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. சூரியன் இருபத்தேழு நாட்களுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. அதை நான்கால் வகுத்தால் ஏறத்தாழ ஏழு. ஆகவே ஏழு நாள் சுழற்சி வியப்பானதன்று.”

“சரிங்கய்யா. ஆனா அந்தப் பள்ளம் எல்லாம் வெள்ளிக்கிழமையில வருதே.”

“தற்செயல்.”

“முப்பத்தோரு தடவையுமா?”

அறையில் யாரோ இருமினார்கள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். முட்டி வலித்தது, மெதுவாகத்தான் போக முடிந்தது.

“வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆவுக்குப் போவேன். அன்னிக்குப் பெட்டியைக் கையால பார்த்து விட்டுடுவாங்க. மத்த நாள் எல்லாம் ரெண்டு தடவை எக்ஸ்ரே. இதுல எழுதியிருக்கு.”

“அந்த இரண்டு வெள்ளிக்கிழமைகள்?” என்றார் பேராசிரியர். அவர் குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது. “அவற்றில் ஏன் குறையவில்லை? அன்று தாங்கள் தொழுகைக்குப் போகவில்லையா?”

“போனேங்கய்யா. அந்த ரெண்டு நாளும் சாங்கியில இடி மின்னல். விமானம் கிளம்ப லேட்டு. வேலையை நிறுத்திட்டாங்க. தொழுதுட்டு வந்து சாவகாசமா ரெண்டு தடவை எக்ஸ்ரேயில காட்டிட்டுத்தான் ஏத்துனேன்.”

சுஷ்மிதா நோட்டை வாங்கினாள். என் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அவள் எழுத்துக் கூட்டித்தான் படித்தாள், நான் அந்த ஒப்பந்தத்தைப் படித்த மாதிரி. ‘வெள்ளி. மழை. லேட். எக்ஸ்ரே இரண்டு.’ தேதியைத் திரையில் இருந்த கொந்தளிப்போடு ஒப்பிட்டாள். பிறகு இன்னொன்றை.

“சேம் டேட்ஸ், புரொஃப்” என்றாள்.

சுஷ்மிதா மேசையில் காட்சிக்கு வைத்திருந்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

“ஆனா எக்ஸ்ரேயில வைக்கக் கூடாதுன்னு நானே எழுதி ஒட்டினேனே அங்கிள்! சிவப்பு எழுத்துல, மூணு மொழியில!”

“நான் பார்க்கலையேம்மா.”

அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வெள்ளியில் பளபளவென்று சொத்து எண். அதன் ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பினாள். பிய்ந்து வந்தது. அடியில் சிவப்பில் பெரிய எழுத்து, கடைசி வரி தமிழில்: ‘எக்ஸ்ரேயில் வைக்காதீர்கள்.’ அழகான எழுத்து. நான்கு பெட்டியிலும் கணக்குப் பிரிவு அதே இடம் பார்த்து ஒட்டியிருந்தது. அங்கேதான் சமமான இடம் இருந்ததாம்.

மறுநாள் வைதேகியிடம் சொன்னபோது முதலில் பயந்தாள். “எனக்கு ஏதும் வருமா பாய்?” உனக்கு ஒன்றும் வராது, ஸ்டிக்கர் ஒட்டியது ஆய்வுக்கூடத்தார்தான் என்றேன். அதற்குப் பிறகு அவள் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “என் மெஷின் சூரியனையே மாத்திடுச்சு தெரியுமா லா” என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் கணக்கை மறுபடி போட்டார்கள். எக்ஸ்ரே பட்ட இருநூறு அளவீடும் செல்லாது. எக்ஸ்ரே படாத முப்பத்தொன்று மட்டும் செல்லும். அதை வைத்துப் பார்த்ததில் பேராசிரியரின் மாடல் கடைசி இடத்துக்குப் போனது. மற்ற இரண்டும் பரவாயில்லை. முதல் இடம் அவை இரண்டுக்கும் இல்லை. மாடல்களைச் சோதிக்கும்போது பக்கத்தில் ஒரு முட்டாள் போட்டியாளரையும் நிறுத்தி வைப்பார்களாம். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், சூரியன் வேண்டாம். ‘போன வாரம் எப்படியோ இந்த வாரமும் அப்படியே’ என்று மட்டும் சொல்லும். அதுதான் ஜெயித்தது.

“முப்பத்தோரு அளவீட்டை வச்சு முடிவா ஒண்ணும் சொல்ல முடியாது அங்கிள்” என்றாள் சுஷ்மிதா, ஆறுதலுக்கு.

“அந்த மாடலை நான் நாப்பது வருஷமா ஓட்டறேன்மா. இதுவரைக்கும் தப்பினது இல்லை.”

அவள் சிரிக்கவில்லை. கையில் ஒரு தாள் வைத்திருந்தாள்.

“ரூல்ஸ் அப்படி அங்கிள். ஏத்துக்கிட்ட அளவீட்டுக்கு மட்டும்தான் காசாம். முப்பத்தொண்ணு இன்ட்டு ஆறு, நூத்து எண்பத்தாறு. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். கணக்குப் பிரிவுல கேக்கலை.”

“எந்தக் கணக்குப் பிரிவு? ஸ்டிக்கர் ஒட்டினதே, அதுவா?”

“அதேதான்.” அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். “மீதியை நான் தர்றேன் அங்கிள். ப்ளீஸ்.”

“அது உங்க காசும்மா. எனக்கு வரவேண்டியது அவங்க காசு. அதை நீங்க எப்படிக் கொடுக்க முடியும்?”

இதை வீட்டில் சொல்லக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

“பேராசிரியர் இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதறார்” என்றாள். “அளவீட்டுல எக்ஸ்ரே கலந்தா எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு. முதல் தடவையா இப்படி ஒண்ணு. ரொம்பப் பேசப்படும்னு சொல்றார். கடைசியில உங்களுக்கு நன்றி போடறாராம்.”

“பேர் போட்டா?”

“‘ஒரு சரக்குத் தொழிலாளி’ன்னு.”

தாளை வாங்கிப் படித்தேன். இந்த முறை அவள் தமிழில் எழுதித் தர மறக்கவில்லை. நானும் அர்த்தத்தை விடாமல் படித்தேன். ‘நூற்று எண்பத்தாறு வெள்ளி பெற்றுக்கொண்டேன், மீதி ஆயிரத்து இருநூறு வெள்ளிக்கு எனக்கு எந்த உரிமையும் இல்லை, அது தள்ளுபடி செய்யப்படுவதற்குச் சம்மதிக்கிறேன்.’ கீழே கையெழுத்துக்கு இடம். தாளின் மூலையில் வெள்ளியில் ஒரு சின்ன ஸ்டிக்கர், கோப்பு எண். அதன் அடியில் ஏதும் எழுதியிருக்கிறதா என்று நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டுத்தான் முழுப் பெயரையும் எழுதினேன். ஒன்றும் இல்லை, வெறும் தாள்தான்.

அன்று வெள்ளிக்கிழமை. பணம் கைபேசிக்கு வந்துவிட்டது. தொழுகை முடிந்ததும் நஃபீசாவுக்குப் போன் பண்ணினேன்.

“நூத்தி எண்பத்தாறு வந்திருக்கு.”

“அதுக்கு எத்தனை பல்லு வரும்?”

“பல் டாக்டரைக் கேட்டேன். ரெண்டு வருமாம்.”

“ரெண்டை வச்சு என்ன பண்றது?”

“சிரிக்கலாம்.”

“சிரிக்கற மாதிரி இப்ப என்ன நடந்துச்சு?”

முட்டாள் போட்டியாளர் முதலில் வந்ததைச் சொன்னேன். பிறகு பல் இல்லாத வாயிலிருந்து வருகிற காற்றுச் சிரிப்பு கேட்டது, நிற்காமல். அதில் இருமலும் சேர்ந்துகொண்டது.

“சரி, வரும்போது தேக்கா மார்க்கெட்டுல ஆட்டுக்கறி வாங்கிட்டு வாங்க” என்றாள் கடைசியில். “பொடிசா அரைச்சுத் தரச் சொல்லுங்க. மாவு மாதிரி. மெல்ல வேணாம்.”

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் 1,386 என்று எழுதி வைத்திருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தேன். அதன் கீழே அன்றைய இரண்டு வரியை எழுதினேன்.

‘வெள்ளி. ஜும்ஆ. கைமா அரைக் கிலோ, பொடிசாக.

186 வந்தது. 1,200 தள்ளுபடி. பாக்கி இல்லை.’